சந்தை நாள் பஸ்

ரொட்டிக் கடை மாடி,
சந்தைச் சதுக்கம், வென்ஃபோர்ட்.
ஞாயிறு, 5 ஜூன் 1988

அன்புள்ள பெர்சி அண்ணாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நேற்றுச் சுகமாய் வந்து சேர்ந்தேன். கார் இல்லாமல் பாதி வழியில் உட்கார்ந்து அழப்போகிறாய் என்றாயே, அழவில்லை. ஷ்ரூஸ்பரியில் ரயில் ஏறி, ப்ரூம்லி என்கிற சின்ன நிறுத்தத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் வந்தேன். தூக்க முடிகிற அளவுக்குத்தான் பெட்டியில் சாமான் வைத்திருந்தேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ குறுக்கே வருவாய். காகிதத்தில் அது முடியாது.

இந்த மாடியை நாம் பதினோரு கோடையாக வாடகைக்கு எடுக்கிறோம். ஜன்னலுக்குக் கீழே ஆறு ஓடுகிற சத்தம் கேட்கும் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. முன்பெல்லாம் டீ குடித்த கோப்பை காய்வதற்குள் "ஏறு, ஏறு" என்பாய். ஒரே நாளில் மூன்று கோட்டை பார்ப்போம். எனக்கு எல்லாம் ஒரே கோட்டையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. நீ கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றின தெருக்கள்தான் தனித்தனியாக நினைவில் நிற்கின்றன. இன்றைக்கு ஆராதனை முடிந்து ஆற்றங்கரையில் நடந்தேன். கால் போதும் என்றபோது திரும்பினேன். அவ்வளவுதான் செய்தேன். மனசு நிறைந்திருக்கிறது.

இனி அந்த விஷயம். பெரில் டிரான்டர் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிட, வட்டப் பலகையை நீட்டிக்கொண்டு நின்றாள். மஞ்சள் கோட்டு போட்டிருந்தாள். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ காரை நிறுத்தவில்லை. பலகை அவள் கையிலிருந்து பறந்து போயிற்று, அவள் தப்பினாள். பிள்ளைகள் இன்னும் நடைபாதையை விட்டு இறங்கவில்லை. அது தேவன் செய்தது, நாம் செய்ததல்ல. "வெயில் கண்ல அடிச்சுது" என்று சொன்னாய். அன்றைக்கு வெயிலே இல்லை, அண்ணா. காயப்போட்ட துணியை ஈரமாகவே நான் திரும்ப உள்ளே எடுத்து வந்த நாள் அது.

ஒரு வருஷமாக ஆராதனையில் பாட்டு எண் பலகையை நீ பார்ப்பதே இல்லை. என் காதில் "என்ன நம்பர்?" என்று கேட்கிறாய். கேட்டால், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்கிறாய். கண்ணாடி உன் மூக்கின் மேல் இருக்கிறது.

நீ ஓட்டுவதை விட்டுவிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீ தாங்க மாட்டாய், நானும் தாங்க மாட்டேன். அந்தக் காரில் இனி நான் ஏறுவதாக இல்லை. ஆனால் இந்த விடுமுறை நம் இருவருக்கும் சேர்த்துத்தான். உன் அறையில் படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். வியாழனும் சனியும்தான் பஸ் உண்டு. பதினாறாம் தேதி வியாழக்கிழமை சந்தை பஸ்ஸில் வா. உன் தோட்டத்து ருபார்ப்பில் அந்தப் புளிப்புத் தண்டு கொஞ்சம் வெட்டிக்கொண்டு வா, சர்க்கரை போட்டு மாவுக்குள் வைத்துச் சுடுகிறேன். இங்கே கிடைப்பது வெறும் நார்.

உன் தங்கை,
ஹெஸ்டர்


ஷ்ரூஸ்பரி
புதன், 8 ஜூன்

ஹெஸ்டருக்கு,

கடிதம் கிடைத்தது. குறுக்கே வர முடியாததால் முழுவதும் படித்தேன்.

நாற்பது வருஷம் இந்த ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். நம் சபைப் போதகர் ஓட்டுகிறார் என்றால் என்னால் ஓட்டுகிறார். அந்தப் பெரிலே என்னிடம் கற்றவள்தான். வலது பக்கம் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்ட வேண்டும் என்று அவளுக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று, மழையில் நகப்பூச்சு போய்விடுமாம். இப்போது அவள் பலகை நீட்டி நான் நிற்க வேண்டும். நின்றிருப்பேன். அவள் வளைவுக்கு ரொம்பக் கிட்டே நின்றாள்.

கண் டாக்டரிடம் போகவில்லை என்று நினைக்காதே. போனேன். நேற்று மீசை முளைத்த பையன். சுவரில் எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக மாட்டி வைத்திருக்கிறான். ரோட்டில் யார் அவ்வளவு சின்னதாக எழுதுகிறார்கள் என்று கேட்டேன். "ஓட்டாதீங்க சார்" என்றான். அவன் பிறக்கும் முன்னே நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வர மாட்டேன். கடைசியாக நான் பஸ் ஏறியது ராணுவத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது. பதினாறாம் தேதி காரில் வருகிறேன். நீ அதில் ஏற வேண்டாம். சதுக்கத்தில் நிற்கும், பார்த்துக்கொள்.

பெர்சி

ருபார்ப் இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது.


வென்ஃபோர்ட்
சனி, 11 ஜூன்

அன்புள்ள அண்ணா,

சதுக்கத்தில் உன் கார் வந்து நின்றால் நான் மாடியை விட்டு இறங்க மாட்டேன். ஜன்னல் திரையைக்கூட விலக்க மாட்டேன். ஹாரன் அடித்துப் பார், ரொட்டிக் கடைக்காரர் வந்து பதில் சொல்லுவார். ஆக, அந்தப் பேச்சு முடிந்தது.

இன்றைக்குச் சும்மா பஸ்ஸில் ஒரு சுற்றுப் போய் வந்தேன். வழியில் மிஸஸ் ப்ராசர் என்று ஓர் அம்மாள், கூடையும் குடையுமாக ஏறினார். பஸ் கிளம்பியதும், "ஐயையோ, அடுப்ப அணைச்சேனா?" என்றார். ஓட்டுநர் பெயர் க்ளின். திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை நிறுத்தினார்.

"போன வாரமும் இதையேதான் கேட்டீங்க. போய்ப் பாத்துட்டு வாங்க, நிக்கிறேன்."

அந்த அம்மாள் இறங்கிப் போய், வீட்டைத் திறந்து, பூட்டி, மூச்சு வாங்க வந்து ஏறும்வரை பஸ் நின்றது. ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அணைச்சுத்தான் இருந்துச்சு" என்றார்.

"அப்ப அடுத்த வாரமும் பாத்துடுவோம்" என்றார் க்ளின்.

நீயாக இருந்தால் ஹாரனிலேயே கையை வைத்திருப்பாய். நான் சிரித்துச் சிரித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அதுவும் நல்லதாயிற்று. திரும்பி நடந்து வந்த வழியில் வேலி முழுக்கக் காட்டு ரோஜா. காரில் போனால் அது ஒரு வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்திருக்கும்.

வரும் விதத்தை எழுதுகிறேன். ரயிலில் ஏறியதும் ப்ரூம்லியில் இறங்க வேண்டும் என்று கார்டிடம் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் அங்கே ரயில் நிற்காது. இறங்கிச் சந்துக்கு வந்தால் டெலிபோன் கூண்டு. அதற்குப் பக்கத்தில் பஸ் நிறுத்தப் பலகை. அங்கே நில். வியாழன் காலையில் பஸ் வரும்.

உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் வா.

ஹெஸ்டர்


வென்ஃபோர்ட்
வியாழன், 16 ஜூன், சாயங்காலம்

அண்ணா,

பஸ் வந்தது. நீ வரவில்லை.

சந்தை மண்டபத்துத் தூணோரம் நின்றிருந்தேன். கடைசிக் கூடை இறங்கும்வரை பார்த்தேன். காலிப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால் நன்றாயிருக்காது என்று வெங்காயக் கடைப் பக்கம் போய்த் தேவையில்லாத வெங்காயம் வாங்கினேன். அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சதுக்கத்தில் ஏதாவது கார் நுழைந்த போதெல்லாம் தலையைத் திருப்பினேன். அதிலாவது வந்துவிடட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அந்தப் பள்ளிக்கூட வாசலைப் பார்த்த பிறகும் அப்படி நினைத்தேனே, கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

மாவு பிசைந்து வைத்திருந்தேன். ருபார்ப் இல்லாததால் மூடி வைத்துவிட்டேன்.

காரையும் விட மாட்டாய், என்னிடமும் வர மாட்டாய் என்றால், அதை எழுதிவிடு. நான் அதற்குத் தகுந்தபடி இருந்துகொள்கிறேன்.

ஹெஸ்டர்


ஷ்ரூஸ்பரி
சனி, 18 ஜூன்

ஹெஸ்டருக்கு,

வியாழக்கிழமை வர முடியவில்லை. தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட வேண்டியிருந்தது.

கார் கொட்டகையில்தான் நிற்கிறது. எடுக்கவில்லை.

அந்தப் பக்கத்து பஸ்களை நம்பி யாரும் ஒரு காரியத்தில் இறங்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். நீ வழி எழுதிய கடிதமும் முழுமையான கடிதம் இல்லை. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெர்சி


வென்ஃபோர்ட்
திங்கள், 20 ஜூன்

என் அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. பீன்ஸ் குச்சியைப் போன மாதமே உன் தோட்டத்தில் நட்டவள் நான். நீ ஏணியில் உட்கார்ந்து, "கோணலா இருக்கு, கோணலா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

ஆனால் உன் கடிதம் வரும் முன்பே எனக்கு விஷயம் தெரியும். சனிக்கிழமை பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ப்ரூம்லி டெலிபோன் கூண்டைத் தாண்டும்போது க்ளின் தலையைத் திருப்பி மிஸஸ் ப்ராசரிடம் கேட்டார்.

"நம்ம தொப்பிக்காரர் இன்னிக்கி இல்லையே?"

"எந்தத் தொப்பிக்காரர்?" என்றேன் நான்.

"வியாழக்கிழம இங்க ஒரு பெரியவர் நின்னாரும்மா. டை கட்டி, கையில பெட்டியோட. ஏறுவாரோன்னு வேகத்தக் கொறச்சேன். கைய நீட்டல. தொப்பியத் தூக்கினாரு பாருங்க, அப்பா, அவ்வளவு மரியாதை! நானும் ஒரு கையைத் தூக்கிட்டுப் போயிட்டேன்."

"ராணியம்மா போனாக்கூட அப்படி யாரும் தூக்க மாட்டாங்க" என்றார் மிஸஸ் ப்ராசர். "யாரையோ வழியனுப்ப வந்தவர்னு நெனச்சு நாங்க எல்லாரும் கையாட்டினோம். கக்கத்துல பேப்பர் சுத்தின ருபார்ப்பு, அது பாட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு! என்னடா இது, மனுஷன் கைய நீட்டல, ருபார்ப்பு நீட்டுதேன்னு நான்கூடச் சொன்னேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் குடையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நிறுத்தத்தில் நின்றால் மட்டும் பஸ் நிற்காது, அண்ணா. கையை நீட்ட வேண்டும். அதை நான் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். இத்தனை வருஷம் பஸ்ஸுக்குப் பின்னாலேயே கார் ஓட்டியவனுக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? என் கடிதம் முழுமையானது இல்லை என்று எழுதினாயே, சரிதான். என் தப்பு.

நீ வந்தாய். டை கட்டி, ருபார்ப் வெட்டி, கார்டிடம் சொல்லி, அந்தச் சந்து வரைக்கும் வந்தாய். எனக்கு அது தெரியாமல் வியாழக்கிழமை எழுதியதை எல்லாம் அடுப்பில் போட்டுவிடு.

காரைப் பற்றி இதில் கேட்கவில்லை. நீயே சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஹெஸ்டர்


ஷ்ரூஸ்பரி
செவ்வாய், 21 ஜூன்

அன்புள்ள ஹெஸ்டர்,

அவர்கள் கையாட்டியபோது நானும் பதிலுக்குக் கையாட்டினேன். அதையும் அந்த அம்மாள் சொன்னாரா? வேறென்ன செய்வது, எல்லோரும் சந்தோஷமாக ஆட்டுகிறார்களே.

கையை நீட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாது என்பது உண்மை. பெரிய பஸ், பெரிய மனுஷன் நிற்கிறேன், நிற்கும் என்று நினைத்தேன். ஆனால் அது மட்டும் இல்லை. அதைத்தான் உனக்கு எழுத வேண்டும். இரண்டு காகிதம் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பஸ் வளைவில் திரும்பியது. எந்த ஊர் பஸ் என்று நெற்றியில் இருக்கிற பலகையைப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது. எழுத்தாக ஒன்றும் இல்லை. கண்ணைச் சுருக்கினேன். அப்போதும் பட்டைதான். ஓட்டுநர் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. நம் பஸ்தானா என்று தெரியாமல் எதற்கு நிறுத்துவது என்று, மரியாதைக்குத் தொப்பியைத் தூக்கினேன். தோளுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் வென்ஃபோர்ட் என்று படித்தேன். ஒவ்வொரு எழுத்தும் ரொட்டி அளவு இருந்தது, ஹெஸ்டர்.

அப்புறம் சந்து அமைதியாகிவிட்டது. திரும்பிப் போகும் ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. பெட்டி மேல் உட்கார்ந்து ஒரு தண்டு ருபார்ப்பைச் சர்க்கரை இல்லாமல் தின்றேன். பெரில் கையில் இருந்த பலகையும் இவ்வளவு பெரிசுதானே என்று நினைத்தேன். அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் அதைப் படிக்கவில்லை. பலகையையே பார்க்கவில்லை. மஞ்சளாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான் பார்த்தேன்.

நேற்றுப் பெரில் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பின்வாங்குவாள் என்று நினைத்தேன்.

"உள்ள வாங்க மிஸ்டர் ஹாலம். டீ சூடா இருக்கு."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டது சரியாக வரவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். "நாலு ராத்திரி தூங்கலை. போலீசுக்குச் சொல்லலாமான்னு நெனச்சேன்" என்றாள். சொல்லியிருக்கலாம் என்றேன். அப்புறம் பஸ் கதையைச் சொன்னேன். டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"எந்திரிங்க. கைய நீட்டுங்க பாப்போம்."

நீட்டினேன்.

"இது என்ன, முழங்கையோட நிக்குது? தோள்லேர்ந்து நீட்டணும். என்கிட்ட நீங்க என்ன கத்துக் கத்தினீங்க ஞாபகம் இருக்கா? 'பெரில், திரும்பப் போறேன்னு ஊருக்குச் சொல்றியா, இல்ல மழை தூறுதான்னு பாக்கறியா?' நல்லா நீட்டுங்க சார்!"

அவள் வீட்டு நடையில் நின்று, கோட்டு மாட்டும் ஆணிக்கு எதிரே, மறுபடி மறுபடி கை நீட்டிப் பழகினேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்தார். பார்க்கட்டும்.

கார் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் எடுத்து ஓட்டுகிறாளாம். நான் பக்கத்தில் உட்காரலாமாம். "ஆனா வாயத் தொறக்கக்கூடாது." லைசென்ஸைத் தபாலில் போட்டுத் திருப்பி அனுப்பியாயிற்று. தபால் பெட்டிக்குள் கையை விட்டபடி கொஞ்ச நேரம் நின்றேன். இந்த ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நான் ஓட்டுகிற ஆள்தான். ஓட்டாத பெர்சி ஹாலம் எப்படி இருப்பான் என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமையோடு நம் விடுமுறை முடிகிறது. வியாழன் வருகிறேன். எழுத்து தெரியாமல் கையை நீட்ட வேண்டியிருக்கும். வேறு ஊர் பஸ்ஸாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது எனக்கு அது கொஞ்சம் பழகிவிட்டது.

பெர்சி


வென்ஃபோர்ட்
வியாழன், 23 ஜூன், காலை
(ஓட்டுநர் க்ளின் கையில் கொடுத்தது)

அன்புள்ள அண்ணா,

பஸ் காலையில் இங்கிருந்துதான் கிளம்புகிறது. கிராமங்களைச் சுற்றிவிட்டு ப்ரூம்லி வழியாகத் திரும்பும். அதனால் இதை க்ளினிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ ஏறினால் உன்னிடம் கொடுப்பார். ஏறாவிட்டால் திருப்பி என்னிடமே கொண்டுவந்து தருவார்.

உன் கடிதம் நேற்று வந்தது. முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். அதற்குப் பிறகு மாவு பிசைந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் கீழே ரொட்டிக் கடையில் க்ளினையும் மிஸஸ் ப்ராசரையும் பார்த்தேன். க்ளின் ஒன்று சொன்னார். "ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, அவர் கை நீட்டினாலும் நீட்டாட்டியும் நிறுத்திடறேன்." வேண்டாம் என்றேன். "அவர் நீட்டினா மட்டும் நிறுத்துங்க" என்றேன். கல்நெஞ்சுக்காரி என்று மிஸஸ் ப்ராசர் திட்டினார். ராத்திரி படுத்த பிறகு நானும் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் இரக்கப்பட்டு நிறுத்திய பஸ்ஸில் நீ ஏற மாட்டாய். ஏறினாலும் வழியெல்லாம் வாய் திறக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும்.

இடது பக்கம் உட்கார். பாலம் தாண்டியதும் ஆறு பஸ்ஸை ஒட்டியே வரும். இத்தனை கோடையில் நீ அதைப் பார்த்ததே இல்லை, உன் கண் ரோட்டில் இருந்தது. தூரத்தில் இருப்பது தெரியாவிட்டால் போகட்டும். அது கிட்டத்திலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு எண்ணை நான் சொல்லுகிறேன். நீ கேட்கக் காத்திருக்க மாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுவேன்.

தூணோரம் நிற்கிறேன்.

ஹெஸ்டர்


(அதே காகிதத்தின் பின்பக்கம், பென்சிலில்)

ஹெஸ்டர்,

பஸ்ஸுக்குள்ளிருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. இறங்கி உன் கையில் கொடுக்கிறேன், என் எதிரே படிக்காதே.

பட்டைதான் தெரிந்தது. இருந்தாலும் நீட்டினேன். தோளிலிருந்து நீட்டினேன். ருபார்ப் பொட்டலம் கீழே விழுந்து அவிழ்ந்து, தண்டுகள் சந்தெல்லாம் உருண்டன. கையை இறக்கவில்லை. க்ளின் நிறுத்திவிட்டு இறங்கி வந்து தானும் பொறுக்கினார். மிஸஸ் ப்ராசர் ஜன்னலில் தலையை நீட்டி, "அங்க ஒண்ணு, சக்கரத்துக்குக் கீழ!" என்று எல்லோரையும் வேலை வாங்கினார்.

இடது பக்க இருக்கையில் அவர்தான் இருந்தார். தங்கை சொல்லியிருக்கிறாள் என்று கடிதத்தைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து கொடுத்தார்.

பாலம் தாண்டிவிட்டோம். தெரிகிறது.

இந்த அவசரத்தில் ஓட்டுநருக்குத் தொப்பியைத் தூக்க மறந்துவிட்டேன். இறங்கும்போது தூக்குகிறேன்.